இடது வாசலில் அணைப்புச் சோதனை

தன்னையும் தன் மந்தையையும் காத்துக்கொள்வது மனிதனுக்குக் கடவுள் கையளித்த முதல் உரிமை. அதை மறந்த நாகரிகங்கள் மண்ணோடு மண்ணாகிப் போயின என்று எங்கள் சபையின் காவல் ஊழியக் கையேடு முதல் பக்கத்தில் சொல்கிறது. இரண்டாம் பக்கத்தில், கழிப்பறையில் உட்காரும்போது அந்த உரிமையை எங்கே கழற்றி வைப்பது என்று படம் போட்டுக் காட்டியிருக்கிறது. காகிதச் சுருள் பெட்டியின் மேல் வைக்கக் கூடாதாம். போன வருடம் மட்டும் ஆண்கள் கழிப்பறையில் குண்டு நிரப்பிய ஏழு உரிமைகள் அப்படிக் கண்டெடுக்கப்பட்டன. அதில் ஒன்றை இன்றுவரை யாரும் வந்து கேட்கவில்லை.

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் டோலிவர் என்பது எங்கள் ஊர். ஞாயிறு காலை ஆராதனைக்கு இருநூறு பேர் வருவோம். காவல் ஊழியத்தின் தலைவர் பிரதர் ராய்ஸ் ஹக்கபி. வாரத்தில் ஆறு நாள் மலக்குழித் தொட்டி சுத்தம் செய்யும் தொழில். இளவயதில் கான்சாஸ் ராணுவ முகாமின் சலவைப் பிரிவில் இரண்டு வருடம் இருந்தார். அதனால் எல்லோரும் அவரைக் கேப்டன் என்று கூப்பிடுகிறோம். அப்படிக் கூப்பிடச் சொன்னவர் அவரே.

ஊழியத்தைத் தொடங்கிவைத்த அன்று அவர் பேசியதை நான் மூன்றாம் வரிசையிலிருந்து கேட்டேன்.

“பிரதர்ஸ், சிஸ்டர்ஸ். இந்தச் சபை ஆரம்பிச்சு எழுபத்தோரு வருஷம் ஆகுது. இதுவரைக்கும் ஒருத்தனும் உள்ள வந்து நம்மளத் தாக்கினதில்ல. இத நெனச்சா எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது. எழுபத்தோரு வருஷமா ஒருத்தன் காத்துக்கிட்டிருக்கான்னா, அவன் எவ்வளவு பொறுமைசாலியா இருக்கணும்!”

சபை “ஆமென்” என்றது. அன்றே கமிட்டி அமைந்தது. கையேடு அச்சாகி, நனையாமலிருக்க நாற்பத்தாறு பக்கங்களுக்கும் பிளாஸ்டிக் உறை போடப்பட்டது. கையேட்டின் மூன்றாம் விதிதான் உயிர்நாடி என்பார் கேப்டன்: சபையில் யார் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள், யார் வைத்திருக்கவில்லை என்பது யாருக்கும் தெரியக் கூடாது. கணவன் மனைவிக்குச் சொல்லக் கூடாது, மனைவி கணவனுக்குச் சொல்லக் கூடாது. “எதிரிக்குத் தெரியக் கூடாதுன்னா, மொதல்ல நமக்குத் தெரியக் கூடாது” என்று அவர் விளக்கம் சொன்னார்.

பக்கவாசல்கள் இரண்டிலும் தடித்த ரப்பர் விரிப்புகள் போட்டார்கள். விளிம்பு இரண்டு அங்குலம் தூக்கியிருக்கும். ஓடிவரும் எதிரி தடுக்கி விழ வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் மாதத்தில் பதினான்கு பேர் விழுந்தார்கள். ஒரு சகோதரிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. விரிப்பு வேலை செய்கிறது என்று கமிட்டி குறிப்பெழுதிக்கொண்டது.

இனி வெர்லின் டாக்கெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வெர்லினுக்கு ஐம்பத்தாறு வயது. வீடுவீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலை. வீட்டுக்காரர்கள் யாரும் வெளியே வர மாட்டார்கள், நாய்கள் வரும். ஒன்பது வருடத்துக்கு முன் அவர் மனைவி, வீட்டில் கம்பளம் விரிக்க வந்த ஆளோடு டல்சாவுக்குப் போய்விட்டாள். கூடத்தில் இப்போதும் பாதிக் கம்பளம்தான் இருக்கிறது. மீதிப் பாதியில் வெறும் தரை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எங்கள் சபையின் இடது வாசல்காரர். பத்தொன்பது வருடமாக அந்த வாசல் அவருடையது. வருகிறவர்களுக்கு ஆராதனைத் தாளைக் கையில் கொடுப்பார், உட்கார இடம் காட்டுவார், காணிக்கைத் தட்டை எடுத்துப் போவார். அதெல்லாம் பெரிதில்லை. எங்கள் ஊரில் வாசலில் நிற்பவரைக் கட்டிப்பிடித்துவிட்டுத்தான் உள்ளே போவது வழக்கம். இடது வாசல் வழியாக ஒரு ஞாயிறுக்கு அறுபது பேராவது வருவார்கள். திங்கள் முதல் சனி வரை வெர்லினை ஒருவரும் தொடுவதில்லை. போன கோடையில் ஒரு நாய் கடித்ததைத் தவிர.

அறுபது அணைப்பு. அவருடைய வாரம் அதில்தான் ஓடியது.

எதிரே வலது வாசலில் நிற்பவர் ஓடெல் பர்டம். வெர்லினின் பள்ளிக்கூடத்து நண்பர். பன்றிப் பண்ணை வைத்திருக்கிறார், வாய் கொஞ்சம் நீளம். எல்லோரும் உட்கார்ந்த பிறகு, ஓடெல் மேடைக்கு முன்னால் குறுக்கே நடந்துவந்து வெர்லினைக் கட்டிப்பிடித்து முதுகில் ஓங்கித் தட்டிவிட்டுப் போவார். அறுபத்தோராவது அதுதான்.

நவம்பர் முதல் ஞாயிறு கமிட்டி தீர்மானம் போட்டது. வாசலில் நிற்பவர்கள் மறைவாகக் கைத்துப்பாக்கி வைத்திருக்க வேண்டும். அணைப்புச் சோதனையில் தேற வேண்டும். ஜனவரி கடைசிக்குள் தேறாதவர்கள் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து ஆராதனைத் தாள் மடிக்கலாம். கீழ்த்தளத்துக்கு வாசல் கிடையாது, ஒரு மாடிப்படிதான்.

வெர்லின் கேப்டனைத் தேடிப் போனார்.

“கேப்டன், நான் இதுவரைக்கும் ஒரு அணிலக்கூடச் சுட்டதில்ல.”

“நல்லது பிரதர். கெட்ட பழக்கம் ஒண்ணும் ஒட்டியிருக்காது.”

“எனக்குக் கை நடுங்கும்.”

“அடுத்தடுத்துச் சுட அது ஒத்தாசையா இருக்கும்.”

“நான் தாள் மட்டும் குடுத்துக்கிட்டு நிக்கிறேனே…”

கேப்டன் அவர் தோளில் கை வைத்தார். “வெர்லின். நீ தாள் குடுக்கிற அந்தக் கையால ஒருநாள் நீதி குடுக்க வேண்டியிருக்கும். வேணாம்னா சொல்லு. கீழ மடிக்கிறதுக்கு நிறையத் தாள் கெடக்கு.”

வெர்லின் துப்பாக்கி வாங்கப் போனார்.

கடைக்காரன் பெயர் கார்வின். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால், பல்குச்சியை மென்றபடி நின்றான். சுவரெல்லாம் துப்பாக்கி. கல்லா மேசையில் மட்டும் “பில் கட்டாமல் எடுத்துப் போனால் போலீஸைக் கூப்பிடுவோம்” என்று எழுதியிருந்தது.

“என்ன வேலைக்குங்க?”

“வாசல்ல நிக்கிறதுக்கு.”

“யாரச் சுடறதா உத்தேசம்?”

“யாரையும் இல்ல.”

கார்வின் பல்குச்சியை எடுத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தான். “அப்ப பெருசா எடுத்துக்கங்க. சுடறவனுக்குத்தான் சின்னது போதும். சுடாதவன் கையில இருக்கறது பார்த்தாலே பயம் வரணும்.”

“மறைச்சு வைக்கணுமே.”

“அப்ப சின்னது. ஆனா சின்னக் குண்டு போட்டா ஆள் விழமாட்டான், அவனுக்குக் கோபந்தான் வரும். போன மாசம் ஒருத்தர் தன் மச்சானச் சுட்டாரு. மச்சான் நேரா இங்க வந்து பெருசா ஒண்ணு வாங்கிட்டுப் போனான்.”

“நடுத்தரமா ஒண்ணு?”

“இருக்கு. மறையவும் மறையாது, விழவும் வைக்காது. அதுதாங்க ஜாஸ்தி விக்குது.”

பிறகு சுழல் துப்பாக்கியா, தானாகக் குண்டேறும் ரகமா என்று ஒரு மணி நேரம் போயிற்று. தானாகக் குண்டேறும் ரகத்தில் பதினைந்து குண்டு. ஆனால் சிக்கிக்கொள்ளலாம். சுழல் துப்பாக்கி சிக்காது. ஆனால் ஐந்தே குண்டு. ஐந்து எதற்குப் போதும் என்று கார்வின் கேட்டான். ஒன்றே எதற்கு என்று வெர்லினுக்குப் புரியவில்லை. கடைசியில் ஐந்து குண்டுச் சுழல் துப்பாக்கி ஒன்றை, மூக்கு குட்டையானது, எடுத்துக்கொண்டார். அதை எடுத்ததற்குக் காரணம், அதை மட்டும்தான் கார்வின் கையில் கொடுத்தபோது அவர் கீழே போடவில்லை.

அணைப்புச் சோதனை நடத்துபவர் சிஸ்டர் நெல்டா கிரிம்ஸ். உயரமும் அகலமும் உள்ளவர். இரண்டு நாள் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தார். அவர் கையிலிருந்த படிவத்தில் மூன்று அணைப்புகள் இருந்தன: பக்கவாட்டு அணைப்பு, முழு அணைப்பு, துக்க அணைப்பு. மூன்றிலும் துப்பாக்கி தட்டுப்படக் கூடாது.

முதல் சனிக்கிழமை வெர்லின் வலது இடுப்பில் வைத்துக்கொண்டு போனார். நெல்டா பக்கவாட்டில் வந்து அணைத்தார். உடனே முகம் சுளித்துக் கை எடுத்துவிட்டார்.

“பிரதர், இடுப்புல கதவுக் கைப்பிடி மாதிரி ஒண்ணு இருக்கு.”

“தெரியுதா சிஸ்டர்?”

“தெரியுதாவா? திறந்து உள்ள போயிடலாம்போல இருக்கு.”

தேறவில்லை.

அடுத்த சனிக்கிழமை முன்பக்கம், தொப்பைக்குக் கீழே, கால்சட்டைக்கு உள்ளே. தேர்ந்தவர்கள் எல்லோரும் இப்போது அங்கேதான் வைக்கிறார்கள் என்று கேப்டன் சொல்லியிருந்தார். நெல்டா முழு அணைப்பு அணைத்தார். சட்டென்று ஓரடி பின்னால் நகர்ந்தார்.

“பிரதர் வெர்லின். இது துப்பாக்கிதானே?”

“ஆமாம் சிஸ்டர்.”

“ஸ்தோத்திரம்” என்று சொல்லிவிட்டுப் படிவத்தில் குறுக்கே கோடு போட்டார்.

அதற்கு மறுநாள் ஆராதனையில் ஓடெல் தன் துப்பாக்கியை அதே இடத்தில் வைத்துக்கொண்டு, மௌன ஜெபத்தின்போது உட்காரக் குனிந்தார். சட்டை நுனி விசையில் மாட்டியது. மௌன ஜெபம் வெடித்தது. குண்டு அவர் தொடையில் இறங்கி, முழங்காலுக்கு மேல் வெளியேறி, முன் இருக்கையைத் துளைத்து, பாட்டுப் புத்தகங்கள் நான்கைக் கடந்து ஐந்தாவதில் நின்றது. கம்பளத்தில் ரத்தம் தட்டுப்போல் வட்டமாகப் பரவியது. ஓடெல் போட்ட அலறல் எங்கள் பாடகர் குழு ஒருபோதும் எட்டாத சுருதி. வெர்லின் ஓடிப்போய்த் தன் கழுத்துப்பட்டையை அவிழ்த்துத் தொடையை இறுக்கிக் கட்டினார்.

“டேய் வெர்லின்,” என்றார் ஓடெல், பல்லைக் கடித்துக்கொண்டு, “கீழ்த்தளத்துல தாள் மடிக்கிறது ஒண்ணும் அவ்வளவு மோசமில்லடா.”

“பேசாத. அழுத்திப் பிடி.”

“இன்னும் நாலு அங்குலம் அந்தப் பக்கம் போயிருந்தா நான் பாடகர் குழுவுல பெண்கள் வரிசையில நின்னுருப்பேன்.”

கேப்டன் அடுத்த வாரம் ஓடெலுக்கு ஒரு மரப்பலகை பரிசளித்தார். “காவல் ஊழியத்தில் முதல் ரத்தம்” என்று அதில் பித்தளையில் பொறித்திருந்தது. “நம்ம பிரதர் சுட்டப்ப சபையில ஒருத்தர்கூட ஓடல. நாம எவ்வளவு தயாரா இருக்கோம்ங்கறதுக்கு இதுதான் அத்தாட்சி” என்றார். ஓடத்தான் முயன்றோம். விரிப்பில் ஒன்பது பேர் விழுந்து வழியடைத்துக்கொண்டார்கள்.

மருத்துவமனையிலிருந்து வந்ததும் ஓடெல் தன் துப்பாக்கியை வண்டிக்குள் வைத்துப் பூட்டினார். மூன்றாம் விதிப்படி அதை யாருக்கும் சொல்லவில்லை. வெர்லினிடம் மட்டும் சொன்னார்.

வெர்லின் சோதனையைத் தொடர்ந்தார். முதுகின் அடிப்பக்கம் வைத்தார். கட்டிப்பிடிக்கிறவர்களின் கை கோத்துக்கொள்கிற இடமே அதுதான். அக்குளில் தோல்பட்டை மாட்டித் தொங்கவிட்டார். அதை உருவும்போது துப்பாக்கிக் குழாய் இடமிருந்து வலமாக ஒரு வரிசை ஆட்களை நலம் விசாரித்துக்கொண்டே வந்தது. முதல் ஒத்திகையில் குண்டு வெடித்துக் காப்பிப் பாத்திரம் போயிற்று. இரண்டாவதில், காப்பிப் பாத்திரம் இருந்த இடத்தில் நின்ற பிரதர் ஒருவரின் காதுமடல் போயிற்று. “உருவும்போது இடது பக்கம் உள்ளவர்கள் குனிந்துகொள்ள வேண்டும்” என்று கையேட்டில் ஒரு வரி சேர்த்தார்கள்.

கணுக்காலில் கட்டிப் பார்த்தார். நெல்டாவின் மூன்று அணைப்பிலும் தேறிவிட்டார். துக்க அணைப்பில் நெல்டா உண்மையாகவே அழுதார். வெர்லின் முகத்தில் அன்று வந்த சிரிப்பை நான் பார்த்தேன். மறுநாள் காலை, மழலையர் வகுப்புக் குழந்தைகள் இடது வாசல் வழியாக வந்தார்கள். மூன்று வயதுக்காரர்கள் அணைப்பது முழங்காலுக்குக் கீழேதான். ஒரு பெண் குழந்தை கணுக்காலைத் தட்டிப் பார்த்து, “மாமா கால்ல சுத்தியல் இருக்கு” என்று கோயில் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தது.

மிச்சமிருந்தது ஒரே வழி. பைபிளுக்குப் போடும் ஜிப் வைத்த தோலுறை, உள்ளே துப்பாக்கி வைக்கும் குழியோடு, கார்வின் கடையில் விற்கிறார்கள். உடம்பில் ஒன்றும் இல்லை. யார் எப்படி அணைத்தாலும் கவலையில்லை. இதைவிட உத்தமமான ஏற்பாடு இருக்க முடியாது. அதனாலேயே சபையில் முப்பது பேர் ஏற்கெனவே அதை வாங்கியிருந்தார்கள். எல்லாம் ஒரே கறுப்பு நிறம்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு, பாஸ்டர் கெண்டல் பிரசங்க மேடையில் ஏறி, “இன்றைக்கு நமக்குக் கிடைத்திருக்கிற வார்த்தை” என்று சொல்லி உறையின் ஜிப்பைத் திறந்தார். உள்ளே மூக்கு குட்டையான சுழல் துப்பாக்கி இருந்தது. பாஸ்டர் பத்து விநாடி பேசவில்லை. சபை அதை ஜெபம் என்று நினைத்துத் தலை குனிந்தது. இடது வாசலில் வெர்லின் தன் கையிலிருந்த உறையை மெதுவாகத் திறந்து பார்த்தார். பாஸ்டருடைய பைபிள், ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு.

அன்று மாலையே கமிட்டி கூடியது. வெர்லினையும் கூப்பிட்டிருந்தார்கள். மேசையில் வாழைப்பழப் புட்டிங் இருந்தது. யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. ஆறு முறை தேறாத ஆள்.

கேப்டன் எழுந்தார். “நாம எல்லாரும் தப்பான கேள்வியக் கேட்டுக்கிட்டிருந்தோம். துப்பாக்கிய எங்க வைக்கிறதுன்னு மூணு மாசமா மண்டைய ஒடச்சுக்கிட்டோம். மனுஷ உடம்புல ஒளிக்க எடமே இல்ல. ஏன்? யோசிச்சுப் பாருங்க. எல்லா எடத்தையும் யாராவது வந்து கட்டிப்பிடிச்சுத் தொலைக்கிறாங்க. அப்ப கோளாறு துப்பாக்கியில இல்ல.”

“பின்ன?” என்றார் நெல்டா.

“அணைப்புல இருக்கு.”

அறையில் பெரிய வெளிச்சம் பிறந்ததுபோல் எல்லோரும் தலையாட்டினார்கள். பதினான்காம் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: வாசலில் நிற்பவரை இனி யாரும் தொடக் கூடாது. விரிப்பிலிருந்து நான்கு அடியில் மஞ்சள் கோடு. கோட்டுக்கு அப்பால் நின்று, நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்துவிட்டுப் போக வேண்டும். மீறி நெருங்குகிறவரை எதிரியாகக் கருதலாம்.

“வாழ்த்துகள் பிரதர் வெர்லின்,” என்று கேப்டன் கை நீட்டினார். பிறகு புதிய தீர்மானம் ஞாபகம் வந்து, கையை இழுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார். “நீ தேறிட்டே. இடது வாசல் ஒனக்குத்தான்.”

வெர்லினுக்கு வாசல் கிடைத்தது. கூடவே புட்டிங்கும் கிடைத்தது.

அதற்குப் பிறகு பதினோரு ஞாயிறுகள். இடுப்பில் கதவுக் கைப்பிடிபோல் துப்பாக்கி புடைத்துக்கொண்டிருக்க, வெர்லின் ஆராதனைத் தாளை ஒரு நீண்ட மர இடுக்கியில் மாட்டி நீட்டினார். அறுபது பேர் நெஞ்சில் கை வைத்துப் போனார்கள். ஓடெல் நொண்டிக்கொண்டே குறுக்கே வந்து மஞ்சள் கோட்டில் நிற்பார்.

“எப்படிடா இருக்கே?”

“இருக்கேன்.”

“பேயடிச்சவன் மாதிரி இருக்கே. எங்க பண்ணையில குட்டி போட்ட பன்னியப் பிரிச்சு வச்சா இப்படித்தான் மொகத்த வச்சுக்கும்.”

“போடா.”

“வரட்டுமா? ஒரே ஒரு தட்டு, முதுகுல. எவன் பார்க்கப் போறான்?”

வெர்லின் மாடி வரிசையை நிமிர்ந்து பார்த்தார். கேப்டன் அங்கிருந்து தொலைநோக்கியால் இவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேணாம்டா. ஒன்னச் சுட்டுருவாரு.”

“என்னையா? நான் முதல் ரத்தம்டா. பலகையே வச்சிருக்கேன்.” ஓடெல் சிரித்துக்கொண்டே வலது வாசலுக்குத் திரும்பிப் போனார்.

ஈஸ்டர் வந்தது. ஏப்ரலில் எங்கள் பக்கம் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொள்கிற வெயில். கோயிலில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். மேடைக்குப் பின்னால் கண்ணாடி முகப்பு வைத்த ஞானஸ்நானத் தொட்டியில், வெள்ளை அங்கிக்குள் மீன்பிடிக்கிறவர்களின் ரப்பர் கால்சட்டையை மார்புவரை மாட்டிக்கொண்டு பாஸ்டர் கெண்டல் நின்றார். எங்கள் ஊரில் மருமகளாக வந்திருக்கும் கெர்ஸ்டின் என்ற பெண்ணுக்கு அன்று முழுக்கு. அவளுடைய தாய்மாமன் ஹால்வர் ஐவர்சன் அதைப் பார்க்க வடகோடியிலுள்ள மினசோட்டாவிலிருந்து இரவும் பகலும் வண்டி ஓட்டி வந்துகொண்டிருந்தார். அங்கே அன்றும் பனி. முழங்கால்வரை கம்பளிக் கோட்டு. தாமதமாகிவிட்டது. கோட்டுப் பையில் கேமரா. விழாமலிருக்க ஒரு கையால் அதைப் பிடித்திருந்தார்.

கையேட்டின் பத்தொன்பதாம் பக்கம்: வெயிலில் கோட்டு, தாமதமான வருகை, தெரியாத முகம், பைக்குள் கை. இவற்றில் இரண்டு இருந்தால் மஞ்சள், மூன்று இருந்தால் சிவப்பு. ஹால்வருக்கு நான்கும் இருந்தன. நான்குக்குக் கையேட்டில் நிறம் இல்லை. மாடியிலிருந்த கேப்டன் பக்கத்தைப் புரட்டித் தேடிக்கொண்டிருந்தார்.

வெர்லின் பார்த்தது இவ்வளவுதான். வாசலில் ஒரு பெரிய உருவம் வேகமாக வந்தது. மஞ்சள் கோட்டைத் தாண்டியது. இரண்டு கைகளையும் அகல விரித்து அவரை நோக்கிப் பாய்ந்தது.

பதினோரு ஞாயிறு. அவர் எதையும் கேட்கவில்லை. இடுக்கியைக் கீழே போட்டுவிட்டுக் கைகளை விரித்தார். நூறு கிலோ மனிதர் அவர் மார்பில் வந்து விழுந்தார். வெர்லின் இறுக்கிக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினார். கோட்டில் ஈரக் கம்பளி வாசனையும் மிட்டாய் வாசனையும் அடித்தது.

“இடுப்புல என்னமோ குத்துதுங்க” என்றார் ஹால்வர், அவர் தோளில் முகம் புதைந்த நிலையில்.

“மன்னிச்சுக்குங்க” என்றார் வெர்லின்.

மாடியில் கேப்டன் எழுந்து துப்பாக்கியை உருவினார். ஆபத்துக்கென்று ஒரு ரகசியச் சொல் இருந்தது. அது அவருக்கு மறந்துவிட்டது. கண்ணால் பார்ப்பதை உரக்கச் சொல்ல வேண்டும் என்ற இருபதாம் பக்கம் மட்டும் ஞாபகம் வந்தது. “துப்பாக்கி!” என்று கத்தினார். அவர் அந்த நேரம் பார்த்த ஒரே துப்பாக்கி அவர் கையிலிருந்ததுதான்.

தொண்ணூற்று நான்கு பேர் எழுந்து உருவினார்கள். இடுப்பிலிருந்து, அக்குளிலிருந்து, கணுக்காலிலிருந்து, பைபிளிலிருந்து. மூன்றாம் விதியை எல்லோரும் ஒழுங்காகக் காப்பாற்றியிருந்ததால், ஒவ்வொருவரும் அங்கே ஒரு நல்லவரையும் தொண்ணூற்று மூன்று கெட்டவர்களையும் பார்த்தார்கள்.

கேப்டனின் முதல் குண்டு வெர்லினையும் ஹால்வரையும் தாண்டிப் போய்த் தொட்டியின் கண்ணாடியில் பாய்ந்தது. கண்ணாடி உடைந்து தண்ணீர் பாடகர் குழுவின் மேல் மொத்தமாக இறங்கியது. இரண்டாவது குண்டு பாஸ்டரின் கெண்டைக்காலில். தொட்டி முழுக்கக் காலியான பிறகும் அவருடைய ரப்பர் கால்சட்டையில் மட்டும் தண்ணீர் நிறைந்து நின்றது. நகர முடியாமல், காலில் இருந்த ஓட்டை வழியாகச் சிவப்பாக ஒழுகியபடி, அவர் சமாதானம் சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒளிந்திருந்த கெர்ஸ்டினுக்கு அன்று முழுக்கு நடந்ததாகக் கணக்கா, இல்லையா என்பது இன்னும் முடிவாகவில்லை.

நனைந்த அங்கிகளுக்குள்ளிருந்து மேல்சுருதிக்காரர்கள் கீழ்ச்சுருதிக்காரர்களைச் சுட்டார்கள். சிஸ்டர் நெல்டா கச்சைக்குள்ளிருந்து எடுத்தார். எடுக்கும்போதே வெடித்து, ஆர்கன் வாசிப்பவரின் இரண்டு விரல்கள் கட்டைகளின் மேல் தனியாகக் கிடந்தன. ஆர்கன் அந்த ஒரே சுருதியை விடாமல் ஊதியது. மூன்றாம் வரிசையில் என் பக்கத்தில் இருந்தவருக்குத் தாடை போயிற்று. கணவன் ஒருவர் திரும்பி, துப்பாக்கியோடு நின்ற பெண்ணைத் தோளில் சுட்டார். அது அவருடைய மனைவி. அவளும் வைத்திருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. மாடியை நோக்கிப் பதினெட்டுக் குண்டுகள் போயின. அவற்றில் இரண்டு கேப்டனின் முழங்கால்களுக்குக் கிடைத்தன, காலுக்கொன்று. நானும் ஒரு முறை சுட்டேன். எங்கே போயிற்று என்று பார்க்கவில்லை.

வெறும் கையோடு இருந்தவர்கள் எல்லோரும் இருக்கைகளுக்கு அடியில் புகுந்துகொண்டார்கள், ஒருவரைத் தவிர. வலது வாசலிலிருந்து ஓடெல் நொண்டிக்கொண்டு மேடைக்கு முன்னால் குறுக்கே ஓடிவந்தார். இரண்டு கையையும் தூக்கியிருந்தார்.

“நிறுத்துங்கடா! கட்டிப்பிடிச்சுக்கிட்டிருக்காங்க, அவ்வளவுதான்! டேய், சும்மா கட்டிப்பிடிச்சுக்கிட்டிருக்காங்கடா!”

கூட்டத்தின் குறுக்கே ஓடுகிறவனை முதலில் சுட வேண்டும் என்பது இருபத்திரண்டாம் பக்கம். ஓடெலின் மேல் நான்கு குண்டுகள் பாய்ந்தன. நான்கும் நான்கு வெவ்வேறு அளவு என்று பிறகு சொன்னார்கள். மஞ்சள் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் விழுந்தார். வெர்லினின் காலைத் தொடப் பார்த்ததுபோல் ஒரு கை நீண்டு கிடந்தது. மருத்துவ ஹெலிகாப்டர் வருவதற்குள் உயிர் போய்விட்டது.

மொத்தம் ஐம்பது விநாடி. நூற்று முப்பத்தேழு குண்டு. ஒருவர் சாவு, பத்தொன்பது பேருக்குக் காயம். வெர்லினுக்கு இடது தோளில் ஒன்று, ஹால்வருக்குத் தொடையில் ஒன்று. ஷெரிப்பின் போலீஸ்காரர்கள் வந்து பிரித்தபோது வெர்லின் அவரை அப்படியே கட்டிப்பிடித்திருந்தார். வெர்லினின் துப்பாக்கியிலிருந்த ஐந்து குண்டும் அப்படியே இருந்தன.

ஓடெலின் அடக்கத்தில் கேப்டன் சக்கர நாற்காலியிலிருந்து பேசினார்.

“நாம ஒரு நல்ல சகோதரன இழந்திருக்கோம். பத்தொன்பது பேர் அடிபட்டிருக்கோம். ஆனா ஒண்ணக் கவனிங்க. வெளியாளு கையால நம்மள்ல ஒருத்தருக்கும் ஒரு கீறல்கூட இல்ல. சோதனை வந்தது, காவல் ஊழியம் தாங்கி நின்னுச்சு. பிரதர் ஓடெல் சாகும்போது அவர் மேல பாஞ்சது எதிரி குண்டு இல்ல. ஒவ்வொரு குண்டும் அவர நேசிச்சவங்க குண்டு.”

சபை “ஆமென்” என்றது, முன்னைவிடச் சற்று மெதுவாக. ஓடெலின் பலகையில் இரண்டாவது பித்தளைத் தகடு அடித்தார்கள். துக்க அணைப்பு கிடையாது. பதினான்காம் தீர்மானம் அமலில் இருக்கிறது. ஓடெலின் மனைவியின் முன்னால் மஞ்சள் நாடா ஒட்டியிருந்தார்கள். எல்லோரும் அங்கே நின்று நெஞ்சில் கை வைத்துவிட்டுப் போனார்கள்.

வெர்லினுக்கும் ஒரு பலகை கிடைத்தது. “வெறும் கையால் எதிரியைப் பிடித்து நிறுத்தியவர்.” ஆயுள்வரை இடது வாசல் அவருக்கே என்று தீர்மானம். கட்டுப்போட்ட கையோடு மேடையேறி வாங்கிக்கொண்டு இறங்கினார்.

ஷெரிப் அலுவலக அறிக்கை ஜூன் மாதம் வெளிவந்தது. கடைசிப் பக்கத்தில் ஹால்வர் ஐவர்சனின் வாக்குமூலம் இருக்கிறது. அவர் யாரையும் கட்டிப்பிடிக்க வரவில்லை. வாசலில் இருந்த ரப்பர் விரிப்பின் விளிம்பில் கால் தடுக்கி விழுந்தார். விடுங்கள் என்று இரண்டு தடவை சொல்லியும் வெர்லின் விடவில்லை.